நாலு சுவிட்ச், ஒரே பெட்டி: ஸ்டாக்கிங் பற்றி ஒரு குறிப்பு

செங்கல்பட்டை ஏரி மாவட்டம்னு சொல்வாங்க. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். நடுவில் கால்வாய் தூர்ந்துபோனால் கீழே இருக்கிற ஏரிக்கு வராது. சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக கேபிள் இழுத்து இணைப்பதும் இதே கதைதான். நடுவில் ஒன்று செத்தால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் துண்டிக்கப்பட்டுவிடும். போதாக்குறைக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி முகவரி, தனி கன்ஃபிகரேஷன்.

ஸ்டாக்கிங் அப்படி இல்லை. சிஸ்கோ 2003-இல் கேட்டலிஸ்ட் 3750-ஐ வெளியிட்டபோது அதில் ஸ்டாக்வைஸ் என்ற வசதியைக் கொடுத்தது. சுவிட்சின் பின்பக்கம் இரண்டு ஸ்டாக் போர்ட். தனி கேபிளால் ஒன்றோடொன்று கோத்து, கடைசியை முதலாவதோடு சேர்த்து வளையமாக்கிவிடுவோம். 9 சுவிட்ச் வரை சேர்க்கலாம். வளையத்தின் வேகம் 32 ஜிகாபிட். ஒரு கேபிள் அறுந்தால் வேகம் பாதியாகும், ஆனால் வேலை நிற்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சுவிட்ச், ஒரே ஐபி.

உள்ளே ஒருவர்தான் மாஸ்டர். ஒவ்வொரு சுவிட்சுக்கும் 1 முதல் 15 வரை ப்ரையாரிட்டி கொடுக்கலாம். நாம மாற்றாவிட்டால் எல்லாமே 1. மாஸ்டர் படுத்துவிட்டால் மற்றவை தங்களுக்குள் தேர்தல் நடத்தி இன்னொன்றை மாஸ்டராக்கிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் மாஸ்டரைப் புதிதாக வருபவர் சும்மா தள்ளிவிட முடியாது, முறையாகச் சேர்த்தால்.

அந்த "முறையாக" என்பதில்தான் நான் மாட்டினேன். மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு விடுதி. நாலு சுவிட்ச் ஸ்டாக் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சில கேமரா போட வேண்டும் என்று, செங்கல்பட்டில் வேறொரு இடத்தில் கழற்றிய பழைய சுவிட்சை ஐந்தாவதாகக் கொண்டுபோனேன். பவர் போட்டு, அது முழுசாக பூட் ஆன பிறகு ஸ்டாக் கேபிளைச் செருகினேன்.

தனியாக பூட் ஆனதால் அதுவும் தன்னளவில் ஒரு மாஸ்டர். இரண்டு மாஸ்டர் சந்தித்தால் ப்ரையாரிட்டி அதிகமுள்ளவர்தான் ஜெயிப்பார். பழையதில் யாரோ 15 வைத்திருந்தார்கள். என் நாலும் 1. தோற்ற நாலும் ரீபூட் ஆகி, பழைய இடத்து கன்ஃபிகரேஷனோடு எழுந்தன. விலான் எல்லாம் போச்சு. ரிசப்ஷன் போன், பில்லிங், கேமரா எதுவுமே இல்லை. லேப்டாப்பில் பேக்கப் இருந்ததால் பிழைத்தேன்.

பவரை அணைத்துவிட்டு, கேபிள் மாட்டி, பிறகு ஆன் செய்திருந்தால் அது சாதுவாக ஐந்தாவது ஆளாகச் சேர்ந்திருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வளையம் இரண்டு இடத்தில் அறுந்தால் ஸ்டாக் இரண்டாகப் பிரியும். மாஸ்டர் இல்லாத பாதியும் தனக்கென ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு பாதியும் அதே ஐபியோடு ஓடும். எது எங்கே பதில் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் ஒரு கேபிள் போனாலே உடனே மாற்றிடுங்க, "இன்னும் ஓடுதே"ன்னு விடாதீங்க.

இப்போதெல்லாம் புது ஸ்டாக் போட்டால் மேலே இருப்பதற்கு 15, அடுத்ததற்கு 14 வைத்துவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் சுவிட்சை முதலில் மேசையில் வைத்து, பழைய கன்ஃபிகரேஷனை அழித்து, ப்ரையாரிட்டியையும் 1 ஆக்கிய பிறகுதான் ரேக் பக்கமே கொண்டுபோவது.