திரைப்பட நிலையங்களும் கோப்புப் பகிர்வும்

ஏணி ஒன்றே; கள்வன் கையில் அது சுவரேறுதற்கு உதவும், கொத்தன் கையில் வீடு கட்டுதற்கு உதவும். இவ்வெளிய உண்மையை அமெரிக்கத் திரைப்பட நிலையங்கள் உணர்ந்த வரலாற்றையும், உணர்ந்தும் அவை பயனை முற்ற எய்தாமைக்குக் காரணத்தையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இணையத்தின் வழியே படம் அனுப்பும் பழைய முறையில், நிலையத்தின் கணிப்பொறியே கேட்பார் ஒவ்வொருவர்க்கும் முழுப் படத்தையும் தனித்தனி அனுப்புதல் வேண்டும். கேட்பார் பெருகப் பெருகச் சுமையும் செலவும் பெருகும். 2001-ஆம் ஆண்டில் பிராம் கோஹென் என்னும் அமெரிக்கர் இயற்றி வெளியிட்ட 'பிட்டொரென்ட்' என்னும் முறையோ இதற்கு மறுதலையாம். இதனை ஓர் உவமையால் விளக்குவாம். ஒரு பெருநூலின் மூலச்சுவடி ஆசிரியரிடம் ஒன்றே உளது. அதனைப் பெயர்த்தெழுத விழையும் மாணாக்கர் நாற்பதின்மர். ஒருவர் முழுதும் எழுதி முடிக்குந்துணையும் ஏனையோர் காத்திருப்பின் ஆண்டுகள் பல கழியும். ஆளுக்கோர் ஏடாக எழுதிக்கொண்டு, பின்னர்த் தம்முள் மாற்றி மாற்றி எழுதுவராயின் பணி விரைவில் முற்றும். அங்ஙனமே பிட்டொரென்ட் ஒரு கோப்பினைச் சிறு துண்டுகளாகப் பகுக்கும். பெறுவோர் தாம் பெற்ற துண்டுகளைப் பிறர்க்கு ஈந்துகொண்டே எஞ்சியவற்றைப் பெறுவர். ஒவ்வொரு துண்டிற்கும் உரிய அடையாளக் குறி முன்னரே கணிக்கப்பெற்றிருத்தலின், பழுதுற்ற துண்டு தள்ளப்பெற்று மீண்டும் பெறப்படும். கொள்வோர் பெருகின் கொடுப்போரும் உடன் பெருகுவர் என்பதே இதன் சிறப்பு.

இவ்வசதியை உரிமையின்றிப் படம் பரப்புவோரும் மிகுதியாகக் கைக்கொண்டனர். பகிர்வு முறைகளின்மீது திரைப்பட நிலையங்கள் வழக்குமன்றம் ஏறின. 2005 ஜூன் 27-இல், குரோக்ஸ்டர் என்னும் வேறொரு நிறுவனத்தின் வழக்கில், உரிமை மீறலை வளர்க்கும் நோக்குடன் ஒரு கருவியைப் பரப்புவோர் அம்மீறலுக்குப் பொறுப்பாவர் என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக் கருவியைப் பழித்திலது, நோக்கத்தையே பழித்தது. அவ்வாண்டு நவம்பரில் கோஹென் திரைப்பட நிலையங்களின் சங்கத்தோடு உடன்பட்டு, உரிமையற்ற படங்களுக்குரிய இணைப்புக்களைத் தம் தேடுபக்கத்தினின்று நீக்க இசைந்தனர். அதன்பின், பகை நட்பாயிற்று. 2006 மே மாதத்தில் வார்னர் பிரதர்ஸ் நிலையம் பிட்டொரென்ட் வழியே தன் படங்களை அளிப்பதாக அறிவித்தது. 2007 பிப்ரவரி 26-இல் பிட்டொரென்ட் நிறுவனத்தின் அங்காடி திறக்கப்பெற்றது. பாரமவுண்ட், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், எம்.ஜி.எம். ஆகிய நிலையங்களும் உடன் சேர்ந்தன.

ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. அங்காடியிற் படங்கள் விற்கப்பெற்றில, வாடகைக்கே விடப்பெற்றன. புதிய படத்திற்கு 3.99 டாலரும் பழைய படத்திற்கு 2.99 டாலரும் வாடகை. அதனை 30 நாட்களுக்குள் காண்டல் வேண்டும்; காணத் தொடங்கின் 24 மணி நேரத்தில் அது மறையும். மைக்ரோசாப்ட் முறையிலமைந்த பூட்டு அதனைக் காத்தமையால், பிறவகைக் கணிப்பொறியுடையார்க்கு அது பயன்படாது. களவிற் பெற்ற படத்திற்கோ பூட்டுமில்லை, தவணையுமில்லை. பொருள் கொடுத்து, தன் இணைப்பினையும் பரப்புதற்கு ஈந்த நேர்மையாளனுக்கே தளையிடுதல் முறையாமோ? அவ்வங்காடி 2008-இல் மூடப்பெற்றது. அதற்கு இஃதொன்றே காரணமென யாம் துணியோம். எனினும், இதனைப் புறக்கணித்தலும் இயலாது.

நிலையங்களின் அச்சம் வீணன்று. பலர் உழைப்பும் பெரும் பொருளும் கொண்டு எடுத்த படத்தை விலையின்றிக் கவர்தல் அறமன்று; எளிதிற் கிடைத்தலால் ஒரு பொருள் நமதாகாது. ஆயினும், முன்னைய வரலாறு ஒன்றை அவர் நினைந்திருக்கலாம். வீட்டிற் பயன்படும் படப்பதிவுக் கருவியையும் அவர் எதிர்த்தனர். பின்னர்க் காணுதற்பொருட்டு வீட்டில் நிகழ்ச்சிகளைப் பதிதல் குற்றமன்றென 1984-இல் அதே உச்சநீதிமன்றம் தீர்த்தது. எதிர்த்த அக்கருவியே, நாடா விற்பனையாலும் வாடகையாலும் அவர்க்குப் பெருஞ்செல்வம் ஈட்டிற்று. நாடாவை வாங்கியோன் விரும்பியபோது கண்டான். நண்பனுக்கு இரவலும் ஈந்தான். வாணிகம் அழிந்திலது.

பகிர்வு முறை பிறர் ஈவர் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பது. அம்முறையைக் கொண்ட நிலையங்கள் அந்நம்பிக்கையைக் கொண்டில. கொள்வோர் உரிய விலையை ஈதலும், விற்போர் கொள்வோரைக் கள்வரென ஐயுறாமையும் ஒருங்கே அமையுமாயின், புதிய கருவி எதுவாயினும் இருவர்க்கும் நலம் பயக்கும் என்பது எம் துணிபு.