இணைப்பானா, பாங்குமாற்றியா?

கலைச்சொல் கருவியின் செயலை உணர்த்துவதாக அமைதல் வேண்டும். ஓரச்சு வடத்தையும் நுண்ணலைக்குரிய அலைநடத்தியையும் சேர்க்கும் உறுப்பை ‘இணைப்பான்’ என வழங்குவது பொருந்துமா என இக்கட்டுரை ஆராய்கிறது.

கேபிள் தொலைக்காட்சி வழியே வீடுகளில் அறிமுகமான ஓரச்சு வடத்தில் நடுக்கம்பியும் அதனைச் சூழ்ந்த உலோக உறையும் உண்டு. அலைநடத்தியோ உட்கம்பியற்ற உலோகக் குழாய். செவ்வகக் குழாயுள் அலை செல்ல, குழாயின் அகலம் அலைநீளத்தின் பாதியினும் மிகுதல் வேண்டும். கார்வேட்டிநகரத்திற்கு மேற்கே காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தின் ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இதன் அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். அலைநடத்தி அமைப்பதாயின் குழாய் 2.8 மீட்டருக்கு மேல் அகன்றிருத்தல் வேண்டும். எனவே அங்குள்ள 1024 யாகி ஆண்டெனாக்களுக்கு ஓரச்சு வடமே ஏற்றது. சென்னையில் 2002இல் நிறுவப்பெற்ற வானிலை ரேடாரின் அலைநீளமோ ஏறத்தாழ 10 செ.மீ. இவ்வலைநீளத்தில் குழாய் கையடக்கமாகிறது. மிகுதிறனைக் குறைந்த இழப்புடன் கடத்துகிறது.

ஓரச்சு வடத்தில் மின்புலம் நடுக்கம்பியிலிருந்து உறையை நோக்கி ஆரங்களாகப் பரவும். செவ்வக அலைநடத்தியில் அது அகன்ற சுவர்களுக்கிடையே நிமிர்ந்து நின்று, நடுவில் உச்சமும் பக்கச் சுவர்களில் சுழியும் அடையும். ஆதலின், வடத்தின் நடுக்கம்பியை அகன்ற சுவரின் நடுவே உட்செலுத்துவர். அம்முனை சிறிய ஆண்டெனாவாகி, இரு திசையிலும் அலையை எழுப்பும். பின்செல்லும் அலை வீணாகாதிருக்க, குழாயின் ஒரு முனையை உலோகத் தகட்டால் அடைப்பர். கம்பிக்கும் தகட்டுக்கும் இடைவெளி கால் அலைநீளமாயின், போய்வரும் பாதை அரை அலை; தகட்டில் எதிரொளிக்கையில் நேரும் திருப்பம் மற்றோர் அரை அலை. இவ்வாறு மீளும் அலை முன்செல்லும் அலையோடு ஒத்திசைகிறது.

இங்குக் கருதத்தக்க அலைநீளம் குழாயினுள் அமைவது, வெளியினும் நீண்டது. 10 கிகாஹெர்ட்ஸில் வெளி அலைநீளம் 30 மி.மீ.; 22.86 மி.மீ. அகலக் குழாயுள் அது ஏறத்தாழ 40 மி.மீ. எனவே இடைவெளி 7.5 மி.மீ. அன்று, ஏறத்தாழ 10 மி.மீ. இதனைத் தொடக்க அளவாகக் கொண்டு, எதிரொளிப்புக் குறையுமாறு கம்பியின் நீளத்தையும் பருமனையும் இடத்தையும் திருத்துவர்.

‘இணைப்பான்’ எனக் கற்கும் மாணவன், அளவொத்துப் பொருந்தினாலே போதும் எனக் கொள்வான். பொருத்தம் செம்மையாயினும் மின்புலம் இசையாவிடின் திறன் திரும்பும். மிகுதிறன் அமைப்புகளில் அது அலைபரப்பியையே கெடுக்கவும் கூடும். அலைப் பாங்கு மாறுதலே இவ்வுறுப்பின் செயலாதலின், ‘பாங்குமாற்றி’ என்னும் சொல்லே தகும் எனலாம்.