வீடு போகலையா? விலையில் கை வைக்கும் முன்...

ஆடியில் செங்கழுநீர் அம்மன் தேருக்கு வீராம்பட்டினத்தில் கூட்டம் அலைமோதும். ஆனால், வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஆள் வராது. ஆடியில் யார் பத்திரம் முடிப்பார்கள்? ஆவணி, தை தாண்டியும் வீடு போகவில்லை என்றால்தான் கவலை. புரோக்கர் உடனே, "விலையைக் குறைங்க" என்பார்.

குறைத்தால் போய்விடுமா? கோவாவில் விஜய் மல்லையாவின் கடலோர பங்களாவான 'கிங்ஃபிஷர் வில்லா'வை 2016 அக்டோபரில் வங்கிகள் ஏலம் விட்டன. விலை 85.29 கோடி ரூபாய். டிசம்பரில் 81 கோடி. 2017 மார்ச்சில் 73 கோடி. ஈ, காக்காய்கூட வரவில்லை. அடுத்த மாதமே நடிகர் சச்சின் ஜோஷி வாங்கினார், 73.01 கோடிக்கு! மார்ச்சில் கேட்பாரற்றுக் கிடந்த அதே விலைதான். ஏலத்தை விட்டுவிட்டு, நேரில் பேசி முடித்தார்கள், அவ்வளவே வித்தியாசம்.

கடலோர வீட்டில் வந்தவரைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் காகிதம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, எல்லா வாரிசுகளின் கையெழுத்து... இவற்றோடு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு. 'இடித்துக் கட்டலாமா, மாடி எடுக்கலாமா?' என்று வாங்குபவரும் கேட்பார், அவருக்குக் கடன் தரும் வங்கியும் கேட்கும். அரசு கொடுத்த மனை என்றால், விற்கத் தடை இருக்கிறதா என்று பட்டாவின் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும்.

முன்பு பார்த்துவிட்டுப் போனவர்களுக்கே போன் போட்டு, "எதனால வேணாம்னீங்க?" என்று கேட்கலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எட்டாத விலையும் சிக்கல்தான். மும்பையில் மல்லையாவின் 'கிங்ஃபிஷர் ஹவுஸ்' 2016-ல் 150 கோடியில் ஆரம்பித்து, பல ஏலம் கண்டு, 2021-ல் சுமார் 52 கோடிக்குத்தான் போனது.