கண்மாய்க் கரையில் மெல்லக் கசியும் ஜலம்: மூலத்தைக் காணும் வகையும் அடைக்கும் முறையும்

மதுரைக்கு வடபால், வைகையின் அக்கரையில் உள்ள தல்லாகுளத்தின் பெயரிலேயே ஒரு குளம் இருக்கின்றது. அதனை அடுத்த பீபீகுளம், ஆத்திகுளம் என்னும் பெயர்களும் அவ்வாறே அமைந்தவை. நகரம் பெருகப் பெருக இத்தகைய நீர்நிலைகள் பல தெருக்களாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. எனினும் செல்லூர், வண்டியூர்க் கண்மாய்கள் இன்றும் நிற்கின்றன. நகரெல்லையைக் கடந்து அழகர்கோயில் சாலையிலும் மேலூர்ச் சாலையிலும் செல்வோர்க்கு வழிநெடுகக் கரைகள் தென்படும். தமிழ்நாடு முழுவதிலும் இத்தகைய ஏரி, கண்மாய்கள் சுமார் 39,000 உண்டு. அவற்றுட் பல, நூற்றாண்டுகள் பழைமையானவை. பழைய கரை எதுவும் சிறிது கசியவே செய்யும். எக்கசிவைப் பொறுக்கலாம், எதனைப் பொறுக்கலாகாது என்று பகுத்தறிவதே குடிகள் கற்கவேண்டிய விஷயம்.

சிறு கசிவின் நஷ்டம் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும், கணக்கிட்டால் அவ்வாறன்று. புறக்கரையின் அடியில் ஓடும் ஜலத்தை ஒரு வாய்க்காலாகத் திரட்டிக் குடத்தில் ஏந்துக. 15 லிட்டர் கொள்ளும் குடம் 15 விநாடியில் நிரம்புமாயின், கசிவு விநாடிக்கு 1 லிட்டர். நாளொன்றுக்கு அது 86,400 லிட்டர். 100 நாளில் 86 லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு போகம் நெல்லுக்கு வயலில் ஏறக்குறைய 4 அடி ஆழத்து நீர் வேண்டும் என்று கொண்டால், ஒன்றே முக்கால் ஏக்கருக்கு உரிய நீர் இந்த ஒரு துவாரத்தின் வழியே போய்விடுகின்றது. அதுவும் கதிர் பால் பிடிக்கும் கடைசி நனைப்புக்குரிய நீரே குறைவுபடும். சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் திரும்புவதும் பெரும்பாலும் அக்கடைசி நனைப்பைப் பொறுத்ததே.

ஆகவே முதலில் அறியவேண்டுவது, ஜலம் மெய்யாகவே கரைவழிப் போகின்றதா என்பது. மழையும் வரத்தும் இல்லாத காலத்தில் மடைகளை மூடி, கண்மாயினுள் ஒரு முளை அறைந்து நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். அருகிலேயே ஓர் அண்டாவை விளிம்பு மேலே தெரியுமாறு நீரில் அமர்த்தி, அதிலும் நீர் நிரப்பிக் குறி இடவேண்டும். மூன்று நாள் கழிந்தபின் இரண்டையும் ஒப்பிடுக. அண்டாவில் குறைந்தது வெயில் குடித்தது. வெயிலைப் பொறுத்து அது நாளுக்குக் கால் அங்குலம் அளவில் இருக்கும். கண்மாயில் அதற்குமேல் குறைந்தது மண்வழிச் சென்றது. இதில் ஒரு பகுதி தரைக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளைச் சேர்வதால் அனைத்தையும் விரயம் என்று கொள்ளலாகாது. குறைவு மிகுதியாயின் கரையைச் சோதிக்கவேண்டும்.

புறக்கரையில் அடையாளங்கள் வெளிப்படையானவை. கோடையிலும் ஓரிடத்தில் மாத்திரம் பசுமையாக நிற்கும் கோரை, மிதித்தால் நெகிழும் தரை, நண்டு வளை, எலி வளை, கரையில் ஒரு புறமாகச் சரிந்த மண் ஆகியவை அவை. ஆனால் நீர் வெளிப்படும் இடம் அது உட்புகும் இடம் அன்று. இதனைக் கடற்கரைப் படகோட்டிகள் நன்கு அறிவர். பழைய படகின் அடித்தட்டில் நீர் தேங்கும் இடத்தைக் கொண்டு பலகையின் எந்த இணைப்பில் ஓட்டை என்று கூற இயலாது. உட்புகுந்த நீர் சட்டங்களின் ஓரமாக ஓடித் தாழ்ந்த இடத்தில் வந்து சேரும். கரையிலும் நீர் பழைய வேரின் குழாயையோ வளையையோ பற்றிக்கொண்டு வளைந்து சென்று, நெடுந்தூரம் தள்ளி எட்டிப்பார்க்கும். ஆதலால் மூலத்தை உட்கரையிலேயே தேடல் வேண்டும்.

தேடுவதற்குச் செலவற்ற வழி இரண்டு உண்டு. ஒன்று, நாள்தோறும் நீர்மட்டத்தையும் குடம் நிரம்பும் விநாடிகளையும் ஒரு நோட்டில் எழுதி வருதல். மட்டம் இறங்க இறங்கக் கசிவு குறைந்து, ஒரு நாள் நின்றுவிடும். அன்று நீர் நிற்கும் மட்டமே துவாரத்தின் வாய் இருக்கும் உயரம். அம்மட்டத்தில் கரையோரமாகத் தேடினால் போதும். மற்றொன்று, நீர் அவ்வளவு இறங்குமுன் ஐயமுள்ள இடங்களில் உமியைத் தூவிப் பார்ப்பது. துவாரம் நீர்மட்டத்திற்குச் சற்றே கீழ் இருப்பின் உமி அங்கே சுழன்று இழுபடும்; சில வேளை புறக்கரையிலும் வந்து மிதக்கும். பழங்காலத்து மாலுமிகள் ஒழுகும் மரக்கலத்தின் அடியில் மரத்தூளைச் செலுத்தியதும் இதனை ஒத்ததே. உட்செல்லும் நீரே தூளை இழுத்துச் சென்று இடுக்கில் செருகிக் கொள்ளும்.

கசிவின் அளவினும் அதன் நிறம் முக்கியமானது. கண்ணாடிப் புட்டியில் கசிவு நீரைப் பிடித்து ஓர் இரவு வைத்துப் பார்க்கவேண்டும். அடியில் மண் படியாவிடின் கரை தன் உடலை இழக்கவில்லை. அவசரமின்றிக் கோடையில் பழுது பார்க்கலாம். மண் படியுமாயின், உள்ளே துவாரம் நாளுக்கு நாள் பெருகிவருகின்றது என்பது பொருள். பிரெஞ்சு எஞ்சினியர் டார்ஸி 1856-ஆம் வருஷத்தில் வெளியிட்ட விதியின்படி, மண்ணில் ஊறும் நீரின் வேகம் நீர்மட்ட வித்தியாசத்தால் பெருகும். கடக்கும் தூரத்தால் குறையும். வளை ஒன்று கரையைப் பாதி துளைத்தால் கடக்கவேண்டிய தூரம் பாதியாகின்றது, வேகம் இரட்டிக்கின்றது. வேகம் மண்ணை அரிக்க, அரிப்பு தூரத்தை மேலும் குறைக்கின்றது. அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்தில் 305 அடி உயரமுள்ள டீட்டன் என்னும் மண் அணையில், 1976 ஜூன் 5 அன்று காலை கலங்கல் நீர் கசிவது காணப்பட்டது. நண்பகலுக்குள் அணை உடைந்து, 11 பேர் மாண்டனர். இயந்திரங்களும் எஞ்சினியர்களும் அருகிலிருந்தும் நேர்ந்த கதி அது. நம் கரைகள் உயரத்தில் சிறியன. ஆனால் அவை சங்கிலித் தொடராக அமைந்திருப்பதால், மேல்கண்மாய் உடைந்தால் அவ்வெள்ளம் கீழ்க்கண்மாயின் மேல் சென்று விழும்.

கலங்கலைக் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது, புறக்கரையில் நீர் வெளிப்படும் வாயைக் களிமண்ணால் அடைப்பது. இது செய்யத்தகாத காரியம். அடைபட்ட நீர் கரையினுள்ளேயே தேங்கி, மண்ணை நெகிழச் செய்து, வேறு வழியில் பீறிடும். செய்யத்தக்கது யாதெனில், வாயைச் சுற்றி மணல்மூட்டைகளைக் கிணற்று உறைபோல் வளைய அடுக்கி, உள்ளே சிறிது நீர் தேங்கவிடுவது. தேங்கிய நீரின் எதிரழுத்தம் வேகத்தைத் தணிக்கும். அதனுள் முதலில் பருமணல், அதன்மேல் சிறு சரளை, அதற்கும் மேல் ஜல்லி என்று பரப்பவேண்டும். நீர் வெளியேறும், மண் வெளியேறாது. வரிசை மாறி ஜல்லியை முதலில் கொட்டினால் பயனில்லை. அதே வேளையில் ஒருவர் மடையைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்த, மற்றவர் உட்கரையில் வாயைக் கண்டு களிமண் நிறைத்த சாக்குகளை இறக்கவேண்டும். கீழ்க்கண்மாய்க்காரர்களுக்கு முன்னறிவிப்பு அனுப்ப மறத்தலாகாது.

நிலையான பழுது கோடைக்குரியது. துவாரத்தை அதன் போக்கிலேயே கடைசிவரை வெட்டித் திறக்கவேண்டும். மேலே மட்டும் மூடுதல் புண்ணை மூடிக் கட்டுதல் போல்வது. வெட்டின் பக்கங்களைப் படிப்படியாகச் செதுக்கினால்தான் புதுமண் பழைய மண்ணைப் பற்றும். மண்ணின் பக்குவம் அனைத்திலும் முக்கியம்: கையில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டலாகாது. கரிசல் மண்ணை மாத்திரம் இட்டால் கோடையில் வெடிக்கும். செம்மண்ணும் சிறிது சரளையும் கலத்தல் நலம். 6 அங்குலத்துக்கு ஒரு படையாகப் பரப்பித் திமிசு போட்டு இடிக்கவேண்டும். ஒரே நாளில் இரண்டு அடி கொட்டி மேலே வண்டியை ஓட்டிவிட்டுப் போகும் வேலை அடுத்த ஐப்பசியில் தன்னை வெளிப்படுத்தும்.

கரையில் உள்ள சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது. வேர் உள்ளே மக்கிக் குழாயாகும். வேரையும் தோண்டி, அக்குழியை மேற்கூறியவாறே இடித்து நிரப்பவேண்டும். நீர் நிறைந்திருக்கும்போது வேரைப் பிடுங்குவது அபாயம். மடைத்தூம்பின் ஓரமும் தனிக்கவனத்திற்கு உரியது: கல்லும் மண்ணும் சந்திக்கும் இடத்தில் மண் சுருங்கி விலகி நீருக்கு நேர்வழி அமைத்துவிடும். அங்கே தூம்பைச் சுற்றிலும் நன்கு மிதித்துப் பிசைந்த களிமண்ணை ஒட்ட அமைத்தல் வேண்டும். மடையை வைக்கோற்பிரியால் அடைப்பது ஒரு பருவத்துக்கே போதும்.

1858-ஆம் வருஷத்து முதலாம் சட்டத்தின்கீழ்க் குடிமராமத்து குடிகளின் கடமையாக வகுக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் அவ்வழக்கம் தளர்ந்து, 2017-இல் தமிழ்நாடு அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் வசமும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் வசமும் இருக்கின்றன. ஆதலால் கரையை வெட்டித் திறக்குமுன் உரிய அலுவலகத்திற்கு எழுத்து மூலம் அறிவித்து அநுமதி பெறல் வேண்டும். நீர்மட்டம், குடக்கணக்கு, புட்டி நீரின் நிறம் ஆகியவற்றைத் தேதிவாரியாக எழுதிய நோட்டை மனுவோடு இணைத்தால், வாய்ப்பேச்சினும் அது விரைவில் கவனிக்கப்படும். அந்நோட்டைச் சங்கக் காரியாலயத்தில் வைத்து, எழுதும் பொறுப்பை நீர்ப்பாய்ச்சியிடமும் படித்த இளைஞர் ஒருவரிடமும் ஒப்படைக்கலாம்.

பழுது பார்த்த கரை முதன்முறை நீர் பிடிக்கும் வாரத்தில் காலை மாலை இருவேளையும் புறக்கரையை நடந்து பார்த்துவரவேண்டும். இரவில் மழை வலுத்தால் விளக்குடன் இருவர் காவல் இருத்தல் அவசியம்.