நோயும் வம்சமும்

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு காலைப்பொழுது நின்றவர்கள் பாரத தேசம் முழுவதையும் அங்கே கண்டிருப்பார்கள். வங்காளியும் அஸ்ஸாமியும் ஆம்பூர்த் தொழிலாளியும் ஒரே வரிசையில் காத்திருக்கிறார்கள். சிகிச்சையில் பேதம் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால், ஒரு நோய்க்கு மரபணு காரணமா என்று ஆராயும் விஞ்ஞானி, நோயாளியின் முன்னோர் யாவர் என்று கேளாமல் விட்டால் அவருடைய முடிவு தவறிப்போகும். இதன் காரணத்தை வாசகர்கள் அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம்.

ஆராய்ச்சி முறை எளியதே. நோயுற்றவர் ஆயிரம் பேரையும் நோயற்றவர் ஆயிரம் பேரையும் ஒப்பிடுகிறார்கள். முதற்கூட்டத்தாரிடம் மிகுதியாகக் காணும் மரபணு மாறுதலின்மீது சந்தேகம் விழுகிறது. இரு கூட்டத்தாரும் ஒரே வம்சத்தவராயின் சரி. இல்லாவிடில், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத மாறுதல்களும் வேறுபட்டே தோன்றும்.

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துக் கிலா நதிப் பிரதேசத்தில் வாழும் பீமா என்னும் பூர்வகுடிகளிடம் நீரிழிவு மிக அதிகம். அங்கே ரத்தத்தில் ஒரு மரபுக்குறி உடையவர்களுக்கு அந்நோய் குறைவாயிருக்கக் கண்டார்கள். குறியே நோயைத் தடுக்கிறதென்று பறைசாற்றியிருக்கலாம். ஆனால், 1988-ல் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டவர்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் ஐரோப்பியக் கலப்பு எவ்வளவென்று பிரித்து மறுபடியும் கணக்கிட்டார்கள். குறியின் மகிமை மறைந்தது! ஐரோப்பிய முன்னோர் உடையவர்களிடம் அக்குறி மிகுதி, நீரிழிவு குறைவு, விஷயம் அவ்வளவே.

நிற்க. இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போனவை. அத்தொழிலில் குரோமிய உப்பைக் கையாளுவோருக்குச் சரும நோய் வரக்கூடும் என்பது வைத்தியர்கள் அறிந்ததே. நோயாளிகள் பெரும்பாலும் ஒரு சமூகத்தினராகவும், ஒப்பிட எடுத்தவர்கள் வேறு சமூகத்தினராகவும் இருந்தால் என்ன நேரும்? முதற் சமூகத்துக்கு இயல்பான ஏதோ ஒரு மரபணு குற்றவாளியாகத் தோன்றும். தொட்டியிலுள்ள ரசாயனம் தப்பித்துக்கொள்ளும். தொழிலாளியின் ரத்தம் பழி சுமக்கும். ஒரே சமூகத்துக்குள், தொட்டியருகே உழைப்பவரையும் உழைக்காதவரையும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். மாசுபடுத்தியவரே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த நியாயத்தை ஒரு தவறான கணக்கு குலைத்துவிட இடந்தரலாமா?

நம் தேசத்தில் இந்த எச்சரிக்கை மிகமிகத் தேவை. ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட சமூகங்களைப் பரிசீலித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் 81 சமூகங்கள் மிகச் சில முன்னோரிடமிருந்து பெருகியவை. இதற்குப் பேர்போன பின்லாந்தியரையும் அஷ்கெனாஸி யூதரையும் மிஞ்சியவை. தலைமுறைதோறும் தம்முள்ளேயே மணந்துவந்ததன் பலன் இது. ஆரிய வைசியருள் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸினைல்கோலின் மருந்தின் வேகம் எளிதில் தணிவதில்லை. மூச்சு நெடுநேரம் தடைப்படும். முன்னோரை விசாரிக்கும் டாக்டர் அங்கே உயிரையே காக்கிறார்.

கிராமத்துக்கும் நகரத்துக்கும்கூட வித்தியாசம் உண்டு. பழைய வட ஆற்காடு ஜில்லாவில் பல்லாயிரம் தம்பதிகளை விசாரித்து, வேலூர்க் கல்லூரியின் ராவ், இன்பராஜ் இருவரும் 1977-ல் கணக்கொன்று வெளியிட்டார்கள். கிராமங்களில் ஏறக்குறையப் பாதி விவாகங்கள் மாமன் மகள், அக்காள் மகள் போன்ற உறவுக்குள் நடந்தவை, நகரத்தில் அவ்வளவில்லை. கிராமத்து நோயாளியை நகரத்து ஆரோக்கியவானுடன் ஒப்பிடுவோர் இதையும் மறக்கலாகாது.

அயலார் அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்தே. அமெரிக்கக் கறுப்பின மக்கள் சிலருக்கு இதயத்தசை நோய்க்குரிய மரபணு இருப்பதாகத் தவறாகச் சொல்லப்பட்டதை 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. ஒப்பிடப்பட்ட ஆரோக்கியவான்கள் பெரும்பாலும் வெள்ளையர். கறுப்பினத்தாரிடம் சாதாரணமாயுள்ள மாறுதல், வெள்ளையர் கணக்கில் நோயாகிவிட்டது! அதே பிழை நாளை ஆம்பூர்த் தாய் ஒருத்திக்கும் நேரலாம்.

வம்சத்தை விசாரிப்பது ஜாதியின் உயர்வு தாழ்வை நிறுவுவதற்கன்று. எந்த ரத்தமும் இழிந்ததல்ல. எந்த வம்சமும் நோயற்றதல்ல. இதை மறந்து ஒரு சமூகத்துக்கு நோய்ப்பட்டம் சூட்டுகிறவன் விஞ்ஞானியல்லன்.

பதினாயிரம் இந்தியரின் மரபணுத் தொகுதியைப் படிக்க 2020-ல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தகவல்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. இது நற்றொடக்கம். ஆயினும் எண்பதுக்கு மேற்பட்ட சமூகங்களோடு நின்றுவிடலாகாது. ரத்தம் கொடுப்பவனின் சம்மதத்தை அவன் பாஷையிலேயே பெறவேண்டும். கண்ட உண்மையை அவனுக்கே திருப்பிச் சொல்லவேண்டும். நம் மக்களின் நோயை நம் மக்களின் அளவுகோலாலேயே அளக்கும் நாள் விரைவில் வருக!