காதுக்குப் பிடிபடாத ஆங்கிலப் பிழைகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர்கள் எழுதும் எஸ்ஏடி, ஏசிடி ஆகிய தேர்வுகளில், ஒலியால் நெருங்கிப் பொருளால் விலகும் சொற்களைப் பிரித்தறியும் வினாக்கள் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளன. 2016இல் திருத்தியமைக்கப்பட்ட எஸ்ஏடி, ‘அடிக்கடி மயங்கும் சொற்கள்’ என்று இவற்றுக்குத் தனித் தலைப்பே வகுத்தது. அரம், அறம் போன்ற மயங்கொலிச் சொற்களைப் பள்ளியில் பயின்ற தமிழ் மாணவருக்கு இச்சிக்கல் புதிதன்று.

இச்சொற்களுள் பல ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ‘செய்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்தே, பெரும்பாலும் ‘பாதி’ என்று வினையாக நிற்கும் ‘அஃபெக்ட்’, பெரும்பாலும் ‘விளைவு’ என்று பெயராக நிற்கும் ‘எஃபெக்ட்’ ஆகிய இரண்டும் தோன்றின. ஆயினும் ‘எஃபெக்ட்’ என்பது ‘மாற்றத்தைக் கொண்டுவா’ என்னும் பொருளில் வினையாகவும் வருவதால், ஒன்று வினை, மற்றொன்று பெயர் என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் அவ்விடத்தில் தவறிவிடுகிறார்.

மிகுதியாக இடறச் செய்வது ‘இட்ஸ்’ என்னும் சொல்லே. ‘அதனுடைய’ என்று உடைமை சுட்டும்போது அது அபாஸ்ட்ரஃபி என்னும் மேல்குறி இன்றியும், ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்பதன் சுருக்கமாகும்போது அக்குறியுடனும் எழுதப்படுகிறது. பெயர்ச்சொற்களின் உடைமைக்கு மேல்குறி இடும் பழக்கம் பிரதிப்பெயருக்கும் பரவிவிடுவதே பிழையின் காரணம். ‘ஹிஸ்’, ‘ஹர்’ போன்ற உடைமைப் பிரதிப்பெயர்கள் எவையும் அக்குறியை ஏற்பதில்லை என்பது நினைவில் நின்றால் குழப்பம் தீரும். இம்மயக்கத்திற்கு வரலாறும் உண்டு. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தின் முதற்பதிப்பில் இவ்வுடைமைச் சொல் இடம்பெறவேயில்லை. பின்னர் அது பரவியபோதும், 18ஆம் நூற்றாண்டிலும்கூட மேல்குறியுடன் எழுதியோர் பலர். ஒப்பீட்டுக்குரிய ‘தேன்’, காலவரிசைக்குரிய ‘தென்’ ஆகியவையும் தொடக்கத்தில் ஒரே சொல்லாக இருந்து, ஏறத்தாழ 1700இல்தான் எழுத்தில் தெளிவாகப் பிரிந்தன.

இச்சொற்கள் ஒலியால் நெருங்கியிருப்பதால், வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் வழக்கம் பிற பிழைகளைக் காட்டினாலும் இங்கே உதவுவதில்லை. இரு வடிவங்களும் அகராதியில் உள்ளவையாதலால், சொல்லைத் தனித்து நோக்கும் எழுத்துப்பிழை திருத்தியும் இதைப் பிடிப்பதில்லை. ‘இட்ஸ்’ வரும் இடத்தில் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் பொருள் நிற்கிறதா என்று பார்ப்பதும், சொல்லுக்கு முன் ‘தி’, ‘ஆன்’ போன்ற சுட்டு இருந்தால் அங்கே பெயர்ச்சொல் வேண்டும் என்று உணர்வதுமே நம்பத்தக்க வழிகள். பயிற்சி அளிப்போர் நீண்ட சொற்பட்டியல்களைக் கொடுப்பதை விடுத்து, வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் ஆற்றும் பணியைக் கண்டறியவே முதலில் கற்பிக்க வேண்டும்.