குல்மார்க்கில் பனி கொட்டும் என்றால் கிளம்பிவிடலாமா?

காஷ்மீருக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது செல்போன் செயலியைத்தான். குல்மார்க் என்று தட்டினால் போதும், இரண்டு வாரத்துக்கான பனிப் படங்களும் எத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்ற எண்களும் வரிசையாக வந்துவிடுகின்றன. எண் பெரிதாக இருந்தால் விமான டிக்கெட் போடுகிறார்கள், சிறிதாக இருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கிறார்கள். முன்னறிவிப்பு பொய்த்துவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் கவலை. அது அப்படியே பலித்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை.

பொய்க்கும் கதையை முதலில் முடித்துவிடலாம். காஷ்மீரின் குளிர்காலப் பனிக்கு மூலம், மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்ற வானிலை அமைப்புகள். அவை வடக்கே விலகிப் போனால் எவ்வளவு குளிர் அடித்தாலும் பனி இல்லை. டிசம்பர் 21-இல் தொடங்கும் ‘சில்லாய் கலான்’ என்ற 40 நாள் கடுங்குளிர்க் காலத்தை நம்பிப் பொங்கல் விடுமுறைக்குத் தேதி குறிப்பவர்கள் உண்டு. உள்ளூர்க்காரர்களின் அந்தக் கணக்குக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் 2024 ஜனவரி நடுவில் குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல், குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே மார்ச்சுக்குத் தள்ளவேண்டி வந்தது. ஓர் இடையூறு கிளம்பி வந்து சேரச் சில நாள்கள் பிடிக்கும் என்பதால் மூன்று நாள் முன்னறிவிப்பை ஓரளவு நம்பலாம். ஏழு நாள் என்றால் போக்கு மட்டும் தெரியும். பதினான்காம் நாளுக்கு ‘12 சென்டிமீட்டர்’ என்று செயலி காட்டுவது, கணினி எண் கொடுக்கத் தெரிந்த இயந்திரம் என்பதற்கு மேல் எதையும் நிரூபிக்கவில்லை.

எண் எந்த உயரத்துக்கு உரியது என்பது அடுத்த சிக்கல். உலகம் முழுவதற்கும் கணிக்கும் மாதிரிகள் பூமியை ஏறத்தாழ 9 முதல் 13 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒரே கட்டத்துக்குள் பள்ளத்தாக்கும் மலைமுகடும் சேர்ந்து சராசரியாகிவிடும். குல்மார்க் ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டரில். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் கொண்டுபோய் இறக்கும் அபர்வத் மலைப்பகுதி 3,900 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்குப்படி பார்த்தால், ஊரில் 2 டிகிரி இருக்கும்போது மேலே மைனஸ் 6 இருக்கும். ஒரே மேகத்திலிருந்து இறங்கும் 20 மில்லிமீட்டர் நீர், மேலே 20 முதல் 30 சென்டிமீட்டர் உலர்ந்த பனியாகவும் கீழே சொதசொதவென்றோ மழையாகவோ விழும். ஆகவே சென்டிமீட்டரைப் பார்க்கும் முன் உறைநிலை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். கூடவே காற்றின் வேகத்தையும். காற்று பலத்தால் மேல் கேபிள் கார் ஓடாது. பனி அதிகமாகக் கொட்டும் நாள், பெரும்பாலும் மேலே போகவே முடியாத நாள்.

காற்றின் வேலை அத்தோடு முடிவதில்லை. முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் இறுகிய பலகையாக அது அடுக்கிவைக்கிறது. செயலி 30 சென்டிமீட்டர் என்று சொன்ன நாளில் அந்தச் சரிவில் ஒரு மீட்டருக்கு மேல் சேர்ந்திருக்கலாம். அடியில் இருப்பது இன்னும் மோசம். வாரக்கணக்கில் பனி பெய்யாமல் குளிர் மட்டும் அடித்தால், தரையில் கிடக்கும் மெல்லிய பழைய பனி ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் குவியலாக மாறிவிடுகிறது. அதன் மேல் புதுப்பனி ஒரேயடியாக வந்து உட்கார்ந்தால், 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவில் ஒரு மனிதரின் எடையே அதைக் கிளப்பிவிடப் போதும். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் குழுவில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். ‘இத்தனை நாள் வறட்சி, இதோ வருகிறது பெரும்பனி’ என்று எல்லோரும் கொண்டாடும் செய்தி, பனிச்சரிவுக்கு வேண்டிய இரண்டு நிபந்தனைகளையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர் இறந்தார். இரண்டும் பெரும் பனிப்பொழிவைத் தொடர்ந்த நாள்களில் நடந்தவை. வெறும் புல்லாகக் கிடந்ததே அந்த 2024 ஜனவரி, அதே குளிர்காலம்தான் பிப்ரவரியில் உயிரும் வாங்கியது. செயலியில் பனிப் படம் போய்ச் சூரியன் படம் வந்திருக்கும் நாள்தான் மலையில் அதிகம் பயப்படவேண்டிய நாள்.

சறுக்கும் சரிவுகளை ரோந்துக் குழு சோதித்துத்தானே திறக்கிறது என்று கேட்கலாம். கேபிள் காரை ஒட்டிய பகுதிக்கு அது பொருந்தும். ஆனால் அபர்வத்தின் கவர்ச்சியே அந்த ரோந்து எல்லைக்கு வெளியே, யாரும் சோதிக்காத சரிவுகளில்தான் இருக்கிறது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் அடிவாரத்தில் சறுக்கிப் பழகுகிறவர்கள், அவர்களுக்கு எதற்கு இந்தப் பயம் என்ற கேள்வியும் நியாயம்தான். முதல் தடவை போகிறவருக்கு முன்னறிவிப்பு சொல்லவேண்டியது, தங்மார்க்கிலிருந்து மேலேறும் சாலை திறந்திருக்குமா என்பது மட்டுமே. நான் எழுதுவது மூன்றாவது, நான்காவது தடவை போகிறவர்களுக்கு. தடுமாறாமல் திரும்பக் கற்றுக்கொண்டு, பனியைப் படிக்கக் கற்காதவர்கள் அவர்கள். முன்கூட்டியே டிக்கெட்டும் விடுதியும் போட்டு, விடுப்பு தீரும் கடைசி நாளில் வானம் தெளிந்தால், அந்தப் பணமும் தேதியும்தான் அவர்களை மேலே தள்ளுகின்றன. வானிலை அதில் பாதிக் காரணம்கூட இல்லை.

அதனால் பயணத்தில் இரண்டு நாள் உபரியாக வையுங்கள். ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். கிளம்பும் முன் மூன்று நாளும் செயலியோடு சேர்த்து, மாவட்ட வாரியாக வெளிவரும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் படியுங்கள். எல்லைக்கு வெளியே போவதாக இருந்தால் சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவும் கம்பி மூன்றும் உங்களிடம் மட்டுமல்ல, உடன் வருபவரிடமும் இருக்கவேண்டும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். எச்சரிக்கை அமலில் இருக்கிறதா? இரண்டாம் கட்டத்துக்கான டிக்கெட் கையில் இருந்தாலும் முதல் கட்டத்தோடு நின்றுவிடுங்கள்.